மாஸ்டரிங் என்ற தலைப்பின் கீழ்

கொட்டாஞ்சேனை
09.03.2025
(லவினா கையில்)

மதிப்புக்குரிய கஜேந்திரன் ஐயா அவர்களுக்கு,

நான் லவினாவின் தகப்பன் நிக்கலஸ். உங்கள் மகன் நிரோஷன் மெட்டுப் போட, என் மகள் பாட, ஆறு பாட்டுள்ள ஓர் அல்பத்தை ஸ்டூடியோவுக்குப் போகாமல் வீட்டிலேயே வைத்துச் செய்யப் போகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்குப் போன கிழமைதான் தெரியும். தகப்பன்மாருக்கு எதையும் கடைசியாகச் சொல்வதுதான் இப்போது முறை போலிருக்கிறது.

போனில் கதைத்திருக்கலாம். ஆனால் நிரோஷன் தம்பி சொன்னார்: "அங்கிள், அப்பா முப்பது வருசம் பேங்கில இருந்தவர். எழுத்தில வராத எதையும் நம்பமாட்டார்." ஆகவே எழுதுகிறேன். பேனை பிடித்துக் கன காலம். கடைசியாக நீளமாக எழுதியது பள்ளிக்கூடத்தில் ஓ.எல். கணக்குச் சோதனையில், அதுவும் இரண்டாம் தரம். இரண்டு தரமும் திருத்தியவருக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. இப்போது ஐந்துலாம்புச் சந்தியில் ஒரு ஹாட்வெயார் கடையில் ஸ்டோர்ஸ் பார்க்கிறேன். சங்கீதத்தில் எனக்கு உள்ள அறிவு, பாட்டு முடிந்தால் கை தட்ட வேண்டும் என்பது மட்டும்தான். அதிலும் சில நேரம் முந்திவிடுவேன்.

விசயத்துக்கு வருகிறேன். என் மனைவி ஐறீனின் தங்கை மிலானில் இருக்கிறா. வயது போனவர்களைப் பராமரிக்கும் வேலைக்கு லவினாவை அங்கே கூப்பிடுகிறா. லவினா எங்களுக்கு ஒரே பிள்ளை. அவள் சொல்கிறாள்: "டடா, ஒக்டோபர் வரைக்கும் பாக்கிறன். அல்பம் வெளிய வந்து நாலு பேர் பாடக் கூப்பிட்டா நிக்கிறன். இல்லாட்டி சின்னம்மாட்டப் போறன்."

போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஐயா. இந்த ஊரில் ஒரு பிள்ளையைப் பார்த்து நில் என்று சொல்வதற்கு என் கையில் என்ன இருக்கிறது? இந்த அல்பம் ஒன்றுதான் இருக்கிறது. ஆகவே பாதிச் செலவு என்னுடையது. என்னென்ன வேண்டும், எவ்வளவு முடியும் என்று நீங்கள் ஒரு திட்டம் போட்டு அனுப்புங்கள். கேள்வி கேட்காமல் செய்வேன்.

இப்படிக்கு,
நிக்கலஸ்


வெள்ளவத்தை
14.03.2025
(லவினா கையில்)

திரு. நிக்கலஸ் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. கொண்டுவந்த பிள்ளைக்குத் தேநீர் கொடுத்தேன்.

வரவுசெலவுத் திட்டத்தைத் தனித்தாளில் இணைத்துள்ளேன். மொத்தம் ரூபா மூன்று இலட்சத்து நாற்பதாயிரம். மைக், அதைக் கம்பியூட்டருடன் இணைக்கும் பெட்டி, ஹெட்போன் ஆகியவை ஒரு தலைப்பு. வயலின், தபேலா வாசிப்பவர்கள் இன்னொன்று. பாட்டுகளைக் கலந்து சேர்க்கும் வேலையை நிரோஷனே செய்வதால் அதற்குச் செலவில்லை. அது முடிந்த பிறகு மாஸ்டரிங். பின்னர் அட்டைப்படமும் இணையத்தில் ஏற்றும் கட்டணமும். பத்தில் ஒரு பங்கை எதிர்பாராச் செலவு என ஒதுக்கியுள்ளேன். அதைத் தொடக்கூடாது.

என் முறை இதுதான்: ஒரு தலைப்பின் பணத்தை இன்னொன்றுக்கு எடுக்கக்கூடாது. ஒரு தலைப்பு முடிந்த பிறகே அடுத்ததைத் திறக்கவேண்டும். பேங்கில் இந்த முறையால் நான் யாருக்கும் பிடித்தவனாக இருக்கவில்லை. ஆனால் ஒரு நாளும் கணக்குக் குறைந்ததில்லை.

ஒலிப்பதிவை எங்கள் ஃபிளட்டில் வைக்கலாம். கடற்கரையோரத் தண்டவாளத்துக்குப் பக்கம் என்பதால் கோச்சி போகும் சத்தம் வரும். நேர அட்டவணையை மைக்குக்கு மேலே ஒட்டியுள்ளேன். இன்னொரு பிரச்சினை, அறையில் குரல் எதிரொலிக்கிறது. என் மனைவியின் சேலை அலுமாரியைத் திறந்து வைத்து அதன் முன் நின்று பாடினால் துணிகள் எதிரொலியை உறிஞ்சிவிடும் என்று நிரோஷன் சொல்கிறான். அவ காலமாகி நான்கு வருடம். அந்த அலுமாரி இதுவரை திறக்கப்படவில்லை. யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன்.

மாஸ்டரிங் (ரூபா அறுபதாயிரம்), உணவு என்னும் இரு தலைப்புகளையும் தாங்கள் பொறுப்பேற்கவும்.

கு. கஜேந்திரன்


கொட்டாஞ்சேனை
06.04.2025
(லவினா கையில்)

அன்புள்ள கஜேந்திரன் ஐயா,

உங்கள் தாளை ஐறீன் பிரிஜ் கதவில் ஒட்டியிருக்கிறா. எதிர்பாராச் செலவு என்று ஒரு தலைப்பைக் கண்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் வீட்டில் அந்த ஒரு தலைப்புத்தான் இருக்கிறது, மற்றதெல்லாம் அதன் பிள்ளைகள்.

மாஸ்டரிங்கை எனக்குத் தந்தது நல்லதாகப் போயிற்று. அதற்குத் தோதான ஆள் எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கிறார். நாற்பது வருச அனுபவம். கோவில் பாட்டுக்குழு முழுதும் அவர் கையால் வந்ததுதான். நேற்றுப் போய்க் கதைத்து, அறுபதாயிரத்தையும் முழுதாகக் குடுத்துவிட்டேன். மனுசன் கவரைத் திறந்து இரண்டு தரம் எண்ணினார். "வேலை கடைசியிலதான், பாட்டெல்லாம் முடிஞ்ச பிறகு கூப்பிடுவன்" என்று சொல்லியிருக்கிறேன். கடைசியில் ஏன் என்று அவருக்கும் விளங்கவில்லை, எனக்கும் விளங்கவில்லை. ஆனால் உங்கள் தாளில் அப்படித்தான் இருக்கிறது. கேள்வி கேட்கமாட்டேன் என்று எழுதியும் தந்திருக்கிறேன்.

ஒரு ஞாயிறு எங்கள் வீட்டிலும் பாடிப் பார்த்தார்கள். மெத்தையைத் தூக்கி ஜன்னலில் சாத்தி நான் அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கோவில் மணி, லொறி, கீழ் வீட்டுப் பஹ்மியா பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் குடுக்கிற சத்தம் எல்லாம் மெத்தைக்கு மேலால் வந்துவிட்டன. பாட்டின் நடுவில் ஏழாம் வாய்ப்பாடும் இருக்கிறது. வெள்ளவத்தையே திறம்.

ஐறீன் ஒன்று கேட்கச் சொன்னா. நான் கேட்கவில்லை, அவதான் கேட்கிறா. பிள்ளைகள் இரண்டு பேரும் பாட்டு மட்டும்தானா? வேதம் வேறே என்பது எங்களுக்குப் பெரிய விசயமில்லை. உங்களுக்கு எப்படி என்று தெரியாது. பிழை என்றால் இந்தப் பந்தியை வெட்டிவிடுங்கள்.

அன்புடன்,
நிக்கலஸ்


வெள்ளவத்தை
25.05.2025
(லவினா கையில்)

அன்பின் திரு. நிக்கலஸ்,

மூன்று பாட்டுகள் பதிவாகிவிட்டன. சில விடயங்களைச் சொல்லியாக வேண்டும்.

முதலாவது, உணவு. வயலின்காரருக்கு என்று தாங்கள் மாளிகாவத்தை ஹமீட் நானாவின் கடையில் இருந்து கொண்டுவந்த புரியாணி ஒரு பட்டாளத்துக்குப் போதும். எங்கள் வீட்டில் மச்சம் மாமிசம் சமைப்பதில்லை என்று நான் முன்பே எழுதாதது என் தவறு. ஆனாலும் தலைப்பு இப்போதே தாண்டிவிட்டது. வயலின்காரர் சாப்பிட்ட பிறகு வாசிக்கவில்லை, தூங்கினார்.

இரண்டாவது, ஐந்தாம் பாட்டுக்கு எடுத்த முதல் பதிவின் கடைசியில் கோச்சிச் சத்தம் இருக்கிறது. அட்டவணைப்படி அந்த நேரம் கோச்சி இல்லை. அது பிந்தி வந்த கோச்சி. பிந்துவதற்கு நான் அட்டவணை போட முடியாது.

அலுமாரியைத் திறந்தோம். திறக்கும்போது நான் கீழே கடைக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது தங்கள் மகள் சேலைகளுக்கு முகம் வைத்துப் பாடிக்கொண்டிருந்தா. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். சப்பாத்தைக் கழற்றவில்லை.

மாஸ்டரிங் தலைப்புக்கு நேரே சரி அடையாளம் இட்டுள்ளேன். நன்றி.

தங்கள் மனைவியின் கேள்விக்கான தலைப்பு இத்திட்டத்தில் இல்லை. நிரோஷனும் போன கிழமை "அப்பா, ஒரு விசயம் கதைக்கவேணும்" என்று வந்தான். அல்பம் முடியட்டும் என்றேன். ஒவ்வொன்றாகப் பார்ப்போம். தங்கள் பந்தியை நான் வெட்டவில்லை.

கு. கஜேந்திரன்


கொட்டாஞ்சேனை
29.06.2025
(லவினா கையில்)

அன்புள்ள கஜேந்திரன் ஐயா,

புரியாணிக்கு மன்னிப்பு. கலைஞர்களைப் பசியோடு வைக்கக்கூடாது என்று எங்கேயோ கேட்டிருக்கிறேன். நித்திரை கொள்ள வைக்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

வீட்டில் இப்போது பெரிய மாற்றம். லவினா குசினியில் பாடுகிறாள், படியில் பாடுகிறாள். ஐறீன் ரீவியை நிப்பாட்டிவிட்டுக் கேட்கிறா. இரண்டு மாதமாக மிலான் என்ற சொல் எங்கள் வாசலுக்கு வரவில்லை. எனக்குத் துணிவு வந்து, கடையில் முதலாளியிடமே சொல்லிவிட்டேன், "மகள் எங்கேயும் போகேல்ல, பாட்டுக்காரியா இருக்கப்போறா" என்று. அவர் கேட்டார், "அதில சம்பளம் இருக்கா நிக்கலஸ்?" நான் பெயின்ற் வாளிகளை எண்ணப் போய்விட்டேன்.

ஒன்று மட்டும் மனதில் கிடக்கிறது. அவள் ஒஃபிசுக்குக் கொண்டுபோகிற பையில் பாஸ்போட் சைஸ் படங்கள் கண்டேன். கேட்டேன். "ஒஃபிஸ் ஐடிக்கு டடா" என்றாள். நான் நம்பினேன். நம்பாமல் என்ன செய்வது? படத்தில் அவள் சிரிக்கவில்லை. ஒஃபிஸ் ஐடிக்குச் சிரிக்கலாம்தானே, ஐயா?

நிக்கலஸ்


வெள்ளவத்தை
10.08.2025
(தபாலில்)

அன்பின் திரு. நிக்கலஸ்,

கொண்டுவர ஆள் இல்லாததால் முத்திரை ஒட்டி அனுப்புகிறேன். தங்கள் மகள் மூன்று கிழமையாக எங்கள் வீட்டுக்கு வரவில்லை. ஆறாம் பாட்டை முடித்த அன்று பின்னேரம் இருவரும் பால்கனியில் நின்று கதைத்தார்கள். நான் உள்ளே இருந்தேன். கடைசியில் தங்கள் மகள் எனக்கு "போயிட்டு வாறன் அங்கிள்" என்று சொல்லிவிட்டுப் போனா. தேநீர் ஊற்றியிருந்தேன். அது அப்படியே இருந்தது.

நிரோஷன் என்னுடன் கதைப்பது குறைவு. கேட்டால் "ஒண்டுமில்லை" என்கிறான். ஆனால் வேலையை விடவில்லை. ஆறு பாட்டும் கலந்து முடிந்துவிட்டது. இனி மாஸ்டரிங்குக்கு அனுப்ப வேண்டும். தங்கள் ஆளின் மின்னஞ்சல் முகவரியை உடனே அனுப்பவும். ஓகஸ்ட் முடிவதற்குள் வேலை கைக்கு வந்தால்தான் செப்டெம்பரில் வெளியிடலாம், ஒக்டோபருக்கு முன் யாராவது கேட்டுக் கூப்பிடுவதற்கு ஒரு மாதமாவது கிடைக்கும்.

கு. கஜேந்திரன்


கொட்டாஞ்சேனை
14.08.2025
(தபாலில்)

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே அவரிடம் போனேன். "மாஸ்டர், உங்கட ஈமெயில் என்ன?" என்றேன். "எனக்கு எதுக்கு தம்பி ஈமெயில்? பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா" என்றார்.

ஐயா, அவர் லோறன்ஸ் மாஸ்டர். கோவிலில் ஓர்கன் வாசிச்சு, மூன்று தலைமுறைக்குப் பாட்டுச் சொல்லிக் குடுத்தவர். மாஸ்டரிங் என்றால் பிள்ளையை ஒரு மாஸ்டரிடம் விடுவது என்று நான் நினைத்துவிட்டேன். கணக்குக்கு ரியூசன் மாஸ்டர், இங்கிலிசுக்கு ரியூசன் மாஸ்டர், பாட்டுக்குப் பாட்டு மாஸ்டர். எங்கள் ஒழுங்கையில் அந்தச் சொல்லுக்கு வேறே அர்த்தம் இல்லை. ஆறு பாட்டும் ஒரே அளவிலும் ஒரே தெளிவிலும் கேட்கும்படி கடைசியில் ஒருவர் கம்பியூட்டரில் சீர்ப்படுத்துவதுதான் மாஸ்டரிங் என்று நேற்று லவினா சொல்லித்தான் தெரியும். சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். பிறகு கட்டிலில் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

குடுத்த அறுபதாயிரம் சல்லியும் இல்லை. மாஸ்டர் அதை மனைவியின் கண்ணுக்கு வில்லை வைக்கக் குடுத்துவிட்டார். அந்த மனுசி இப்போது என்னைத் தூரத்திலேயே கண்டு கையசைக்கிறா. அதைத் திருப்பித் தா என்று எப்படிக் கேட்பது?

இன்னொன்று. விசா வந்துவிட்டது. பாஸ்போட் படம் ஒஃபிசுக்கு இல்லை. உங்கள் வீட்டுக்கு வராமல் விட்டதற்குக் காரணத்தைக் கேட்டேன், "டடா, நான் ஒருத்தரையும் குறை சொல்லேல்ல" என்றாள். அதற்கு மேல் கேட்க எனக்குத் தெரியவில்லை. பிள்ளையை மறிக்க அல்பம் செய்யப் போனவன் நான். அல்பத்தை மறித்ததும் நான்.

நிக்கலஸ்


வெள்ளவத்தை
20.08.2025
(தபாலில்)

திரு. நிக்கலஸ் அவர்களுக்கு,

தெரியாத ஒன்றைக் கேட்பதில் அவமானம் இல்லை. கேள்வி கேட்கமாட்டேன் என்று எழுதித் தந்ததைத் தாங்கள் பணிவு என்று நினைத்தீர்கள். அது பொறுப்பின்மை. அறுபதாயிரம் ரூபாவுக்கு நான் சரி அடையாளம் இட்டிருக்கிறேன். என் வாழ்க்கையில் பிழையாக இட்ட முதல் அடையாளம்.

இனி எழுத வேண்டாம்.

கு. கஜேந்திரன்


கொட்டாஞ்சேனை
28.09.2025
(தபாலில்)

ஐயா,

எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதாமல் இருந்தேன். ஆனால் இதை உங்களுக்குச் சொல்லாமல் விட ஏலவில்லை. லவினா வியாழக்கிழமை போய்விட்டாள்.

எயார்போட்டில் உள்ளே விடமாட்டார்கள், கண்ணாடிக்கு வெளியே நின்றோம். ஐறீன் வழி முழுக்க அழுததால் அங்கே அழவில்லை. நான் ஏதாவது பகிடி விடவேண்டும் என்று யோசித்துக்கொண்டே நின்றேன். பிள்ளை திரும்பிப் பார்த்தபோது ஒன்றும் வரவில்லை. கையை மட்டும் தூக்கினேன். அதுவும் பிந்தித் தூக்கினேன், அவள் அதற்குள் திரும்பிவிட்டாள்.

நேற்றுச் சனிக்கிழமை லோறன்ஸ் மாஸ்டர் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டினார். "பாட்டெல்லாம் முடிஞ்சுதாமே. சல்லி வாங்கியிருக்கிறன், பிள்ளை எங்க?" பிள்ளை மிலானில் என்றேன். மனுசன் கதிரையில் இருந்துவிட்டார். சும்மா வாங்கின சல்லி தனக்குச் சரிவராது என்றார். நான் பரவாயில்லை என்றேன். அவர் கேட்கவில்லை. "அப்ப நீ இரு" என்றார்.

இருந்தேன். அவர் முதல் சுரமாக "டோ" என்றார். நானும் "டோ" என்றேன். பஹ்மியா மேலே ஓடிவந்து "அங்கிளுக்கு ஏதும் சுகமில்லையா?" என்று கேட்டாள்.

இதைச் சிரிப்பதற்காக எழுதவில்லை. சிரித்தாலும் பிழையில்லை.

நிக்கலஸ்


வெள்ளவத்தை
19.10.2025
(தபாலில்)

அன்பின் நிக்கலஸ்,

எதிர்பாராச் செலவைத் திறந்தேன். இருந்ததோடு என் கையில் இருந்ததையும் சேர்த்து மாஸ்டரிங் செய்வித்தேன். போன வெள்ளிக்கிழமை ஆறு பாட்டும் இணையத்தில் ஏறிவிட்டன. இதுவரை கேட்டவர்கள் மிகச் சிலர். அதில் பல தடவை நான். இதை ஒரு மாதம் முந்திச் செய்திருக்கலாம். கோபத்தில் இருந்தேன். அந்தத் தலைப்பைத் தொடக்கூடாது என்று எழுதியவனும் நான்தான்.

தங்களைப் பொறுப்பற்றவர் என்று எழுதினேன். அதை எழுதிய அன்றே எனக்கு ஒன்று தெரிந்திருந்தது. தங்களிடம் சொல்லவில்லை. மே மாதம் நிரோஷன் கதைக்க வந்தது தங்கள் மகளைப் பற்றி. அல்பம் முடியட்டும் என்று நான் அனுப்பிவிட்டேன். அவன் அதையே தங்கள் மகளிடம் சொல்லியிருக்கிறான்: "அப்பா அல்பம் முடியட்டும் எண்டவர்." அந்தப் பிள்ளை காத்திருந்தா. ஆறாம் பாட்டு முடிந்த அன்று பால்கனியில் வைத்து, "இப்ப முடிஞ்சுதுதானே, கேட்டீங்களா?" என்றாவாம். மாஸ்டரிங் முடியட்டும் என்று இவன் சொல்லியிருக்கிறான். என் பிள்ளைதான். என் முறைதான். பால்கனியில் நடந்ததை அவனிடம் கேட்டு அறிய எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

ஆகவே தங்கள் மாஸ்டர் அல்பத்தைத் தாமதப்படுத்தினார். பிள்ளையை அனுப்பியது அவர் இல்லை.

ஐந்தாம் பாட்டின் கடைசியில் கோச்சிச் சத்தம் அப்படியே இருக்கிறது. நல்ல பதிவு வேறே இருந்தும் நிரோஷன் இதைத்தான் வைத்தான். ஏன் என்று கேட்கவில்லை. அலுமாரி இன்னும் திறந்தே கிடக்கிறது. மூடுவதா என்று யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

கஜேந்திரன்


கொட்டாஞ்சேனை
25.10.2025
(என் கையில்)

அன்புள்ள கஜேந்திரன்,

ஐயா என்பதை விட்டுவிட்டேன், கோபிக்கவேண்டாம். இரண்டு பேரும் ஒரே சோதனையில் ஃபெயில்.

லவினா ஞாயிற்றுக்கிழமைகளில்தான் கோல் எடுப்பாள். அங்கே அவள் பராமரிக்கிற கிழவியைக் குளிப்பாட்டிச் சாப்பாடு குடுத்துப் படுக்க வைத்த பிறகு. போன ஞாயிறு "டடா என்ன செய்யிறீங்க?" என்றாள். "டோ" என்று பாடிக் காட்டினேன். சிரித்தாள், மூச்சு வாங்கச் சிரித்தாள். பிறகு, பாட்டுகளைக் கேட்டேன் என்றாள். எந்தப் பாட்டு நல்லம் என்று கேட்டேன். அஞ்சாவது என்றாள். "அதில கோச்சி வருதே" என்றேன். "ஓம் டடா, அதுக்குத்தான்" என்றாள். பிறகு இரண்டு பேரும் போனிலேயே அதை இன்னொரு தரம் போட்டுக் கேட்டோம். காசு போகாத கோல்தானே.

உங்கள் கடிதத்தில் இருந்த பால்கனி விசயத்தை நான் அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் திரும்பி வருவாளா என்று ஐறீன் கேட்கிறா. எனக்குத் தெரியாது. ஒப்பந்தம் இரண்டு வருசம். சொல்லவேண்டியது நான் இல்லை என்று மட்டும் தெரியும். அதைச் சொல்ல வேண்டிய ஆள் உங்கள் வீட்டில் ஹெட்போனைப் போட்டுக்கொண்டு இருக்கிறார். நாளைக்கு ஞாயிறு. அவள் எடுக்கிற நேரத்தைக் கடிதத்துக்குப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், புது நம்பரையும். தம்பியிடம் குடுப்பதும் விடுவதும் உங்கள் கையில். இந்த ஒரு தலைப்பை மற்றது முடியும் வரை வைக்காதீர்கள் என்று கேட்கத்தான் எனக்கு ஏலும். வேறே ஒன்றும் என்னால் ஏலாது.

அலுமாரியை மூடவேண்டாம்.

இதைக் கொண்டுவர வேறே ஆள் இல்லை. முத்திரை ஒட்டினால் நாளைக்குள் வந்து சேராது. ஆகவே மாஸ்டரிடம் இன்றைக்கு லீவு கேட்டுவிட்டு நானே பஸ் ஏறுகிறேன். கதவை நீங்கள் திறந்தாலும் சரி, தம்பி திறந்தாலும் சரி, எனக்கு வாயில் ஒன்றும் வராது, எயார்போட்டில் போலத்தான் நிற்பேன். கடிதத்தை நீட்டுவேன். நீங்கள் வாசித்து முடிக்கும் வரை இருப்பேன்.

கடிதம் கொண்டுவருகிற ஆளுக்கு நீங்கள் ஒவ்வொரு முறையும் தேத்தண்ணி குடுப்பீர்கள் என்று லவினா சொன்னவள். எனக்குச் சீனி போடவேண்டாம்.

நிக்கலஸ்